ஸ்க்ரோல் சா: பிளேடு ஓடுது, மிஷினை மாத்தணுமா?

2024 ஜூன் 8, கேள்வி

பென்னாகரம் பக்கத்துத் தம்பி ஒருத்தர் கேட்டது: "அக்கா, 16 இன்ச் ஸ்க்ரோல் சா (மெல்லிசான பிளேடு மேலயும் கீழயும் ஓடி, பலகையில வளைவு நெளிவா அறுக்கிற மிஷின்) வாங்கி ரெண்டு மாசம் ஆகுது. கோட்டு மேல நேராத் தள்ளினாலும் பிளேடு வலது பக்கமா ஓடுது. சீன மால்னா இப்படித்தான் இருக்கும், வித்துட்டுப் பெரிய மிஷினா வாங்குன்னு மாமா சொல்றார். மிஷின் நல்லதா இருந்தா வேலை தானா வந்துடும்தானே?"

ஜூன் 8, ராத்திரி

விக்காதீங்க. என்கிட்ட இருக்கிறதும் அதே 16 இன்ச் சீன மிஷின்தான், நாலு வருஷமா ஓடுது. காரிமங்கலத்துல தையல் கடை வெச்சிருக்கேன். சாயங்காலம் பாதி ஷட்டரை இறக்கிட்டு, பின்பக்கம் மர வேலை. பகல்ல துணி, ராத்திரி பலகை.

மேடை, அதாவது பலகையை வெச்சுத் தள்ற தட்டு, சாய்ஞ்சிருக்கும், அதைப் பாருங்க. மேடைக்கு அடியில ஒட்டியிருக்கிற டிகிரி அளவை நம்ப வேண்டாம், அது அலங்காரத்துக்கு. ஒரு ரெண்டு இன்ச் உயரக் கட்டையை எடுத்து, பிளேடால அதுல லேசா ஒரு கீறல் போடுங்க. மிஷினை நிறுத்திட்டு, கட்டையை மேடை மேலயே பிளேடுக்குப் பின்னாடி கொண்டுபோய், அந்தக் கீறலைப் பிளேடோட முதுகுல சேருங்க. மேலிருந்து கீழ வரைக்கும் பிளேடு கீறலுக்குள்ள உக்காந்தா மேடை நேரா இருக்கு. உக்காரலைன்னா சாய்வு இருக்கு. கண்ணுக்குத் தெரியறது நிஜச் சாய்வைப் போல ரெண்டு மடங்கு, அதனால பயந்துடாதீங்க.

ஜூன் 9, காலை 5.30

நேத்து எழுதினதுல பாதி தப்பு. படுத்ததும் தோணிச்சு. மேடை சாய்ஞ்சா அறுத்த முகம்தான் சாயும், கோடு ஓடாது. அந்தக் கீறல் சோதனை நல்ல சோதனைதான், ஆனா உங்க வியாதிக்கு அது மருந்தில்லை.

உங்க பிளேடு வலது பக்கம் ஓடுறது பிளேடோட பிறவிக் குணம். பிளேடுக்குப் பல்லு போடும்போது ஒரு பக்கம் மட்டும் பிசிறு நிக்கும். உலோகத்தைக் குத்தினா மறுபக்கம் கூர்மையா ஒரு விளிம்பு தூக்கும் பாருங்க, அது மாதிரி. அந்தப் பக்கம் கொஞ்சம் கூடுதலா வெட்டும். அதனால நீங்க நேராத் தள்ளினாலும் அது தன் பாட்டுக்கு ஒதுங்கிப் போகும். லட்ச ரூபாய் மிஷின்ல மாட்டினாலும் இதே பிளேடு இதே மாதிரிதான் ஓடும். சாணை பிடிச்சுப் பல் எடுத்த பிளேடுகள் இருக்கு, அதுல இது குறைவு. விலை கூட.

வழி ஒண்ணுதான். கட்டையை ரெண்டு மூணு டிகிரி கோணலா வெச்சுத் தள்ளணும். எந்தப் பக்கம், எவ்வளவுன்னு நான் சொல்ல மாட்டேன். கழிவுப் பிளைவுட்டுல ஸ்கேல் வெச்சு ஒரு அடி நீளக் கோடு போடுங்க, மெதுவா அறுங்க, கோடு பிளேடை விட்டுப் போகாத கோணத்தைக் கையே தேடிப் பிடிக்கும். நாலு கோடு அறுத்தா நாலாவதுல மறந்தே போயிடும்.

எனக்கு இது பழக்கமான விஷயம்தான். ரெண்டு துணியைச் சேர்த்துத் தைக்கும்போது கீழ்த் துணியைத் தையல் மிஷினோட பல்லு இழுக்கும், மேல் துணி பின்தங்கும். முதல் வருஷம் மிஷினைத் திட்டுவோம். அப்புறம் விரல் தானா மேல் துணியைக் கொஞ்சம் முன்னாடி தள்ளிக்கும், நமக்கே தெரியாது.

ஜூன் 9, மத்தியானம்

சொல்ல விட்டுப்போனது: முறுக்கு, அதாவது பிளேடை எவ்வளவு இறுக்கி இழுத்து மாட்டியிருக்குங்கிறது. பிளேடு தொளதொளன்னு இருந்தா ஓடுறது ரெட்டிப்பாகும். கனமான கட்டையில வளைவு அறுத்தா மேல ஒரு அளவு, கீழ ஒரு அளவு, நடுவுல தொப்பை. மீட்டிப் பாருங்க. தொப் தொப்னு சத்தம் வந்தா போதாது, தந்தி மாதிரி கணீர்னு வரணும். சங்கீதம் தெரியாதவங்களுக்கு, விரலால பக்கவாட்டுல அழுத்தினா 3 மி.மீ. தாண்டி நகரக் கூடாது.

ஜூன் 16

தம்பி, பிளேடைத் தலைகீழா மாட்டியிருக்கீங்களான்னு கேட்டதுக்குக் கோவிச்சுக்காதீங்க. எனக்கு நடந்தது. முதல் வாரம், பல்லு மேல பார்த்த மாதிரி மாட்டிட்டு மிஷினைப் போட்டேன். பலகை மேடை மேல தடதடன்னு குதிச்சுது, பிடிச்ச கை முழங்கை வரைக்கும் ஆடிச்சு. வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்துட்டு, "சாமி வந்துடுச்சா?"ன்னு கேட்டுட்டுப் போனார்.

பல்லு கீழ பார்த்து இருக்கணும். சின்னப் பிளேடுல கண்ணுக்குத் தெரியாது. விரல் நுனியைக் கீழிருந்து மேல மெதுவாக் கொண்டுபோங்க, மாட்டிக்கிச்சுன்னா சரி, வழுக்கிச்சுன்னா திருப்பிப் போடுங்க.

சில பிளேடுல கடைசி ஏழெட்டுப் பல்லு மட்டும் மேல பார்த்திருக்கும். அது தப்பா செஞ்சதில்லை. பிளைவுட்டுக்குக் கீழ்ப்பக்கம் நார் பிய்யாம இருக்க அப்படி. பிளேடைப் பிடிச்சிருக்கிற மிஷின் கை மேல வரும்போது மேடைக்கு மேல ரெண்டு மூணு தலைகீழ்ப் பல்லு தெரியணும். ஒண்ணுமே தெரியலைன்னா அந்தப் பல்லு வேலையே செய்யலை, கூடக் காசு தண்டம்.

ஜூன் 23

பிளேடு நம்பர் விவரம் கேட்டாங்க. ஊசி மாதிரியேதான், நம்பர் ஏற ஏறத் தடிமன். தையல் ஊசியில 14-க்கு மேல 16, 16-க்கு மேல 18. இங்க 1, 3, 5, 7, 9, 12. ஒண்ணுக்குக் கீழ போனா 2/0. நான் புழங்கறது மூணே மூணு: 3 மி.மீ., 4 மி.மீ. பிளைவுட்டுக்கு 3-ம் நம்பர், முக்கால் இன்ச் மரத்துக்கு 5, காய்ஞ்ச வேம்பு, புளி மாதிரிக் கெட்ட கட்டைக்கு 9. மிச்சமெல்லாம் ஆசைக்கு வாங்கி டப்பாவுல தூங்குது. 5-ம் நம்பர் பிளேடு தடிமன் சுமார் 0.4 மி.மீ.தான். 2/0 சுமார் கால் மி.மீ., தும்மினா ஒடியும்.

எவ்வளவு நேரம் வரும்னா, எனக்குப் பிளைவுட்டுல இருபது இருபத்தஞ்சு நிமிஷம். தேக்குல அதுகூட வராது. தேக்குக்குள்ள மணல் சத்து இருக்கு, பல்லைத் தின்னுடும். தண்ணி தாங்கற மரைன் பிளைன்னு ஐ.எஸ். 710 முத்திரையோட வர்ற பிளைவுட்டுலயும் சீக்கிரம் மழுங்கும். ஓரத்துல கறுப்புக் கறுப்பாத் தெரியற பசைக் கோடுதான் காரணம். பொம்மைக்கும் பெயர்ப் பலகைக்கும் அது தேவையில்லை. வீட்டுக்குள்ள தொங்கறதுக்குச் சாதா கமர்ஷியல் போதும்.

நிறைய பேர் மழுங்கின பிளேடுலயே மல்லுக்கட்டுவாங்க. பலகையை அழுத்தித் தள்ள ஆரம்பிச்சீங்கன்னா பிளேடு செத்துப்போச்சுன்னு அர்த்தம். நானும் அப்படித்தான். ஒரு பிளேடை மிச்சம் பண்ணப் போய் ஒரு பலகையைக் கருக்கின ஆளு.

நம்ம ஊர்ல கிடைக்காதேன்னா ஒரு யோசனை: நகைப் பட்டறைச் சாமான் விக்கிற கடைக்குப் போங்க. பத்தர்கள் வில் ரம்பத்துல மாட்டற பிளேடும் அஞ்சு இன்ச்தான், முனையில பின் (குறுக்கு ஆணி) கிடையாது, நம்பரும் இதே கணக்கு. அப்படியே நம்ம மிஷின்ல உக்காரும்.

ஜூன் 23, ராத்திரி

பின் பற்றி எழுதணும். சில மிஷின் ரெண்டு முனையிலயும் குறுக்கே சின்ன ஆணி வெச்ச பிளேடைத்தான் ஏத்துக்கும். வெளிக்கோடு மட்டும் அறுக்கிறவங்களுக்குத் தொல்லை இல்லை. ஜாலி வேலை, அதாவது பலகைக்கு உள்ளே ஓட்டை ஓட்டையா அறுத்து எடுக்கிற வேலை, பண்ணணும்னா அந்த ஆணி நுழையற அளவுக்கு 4, 5 மி.மீ. துளை போடணும். 'ழ'வோட சுழிக்குள்ள 5 மி.மீ. துளை போட்டுட்டா அப்புறம் அங்க அறுக்க என்ன இருக்கு? பின் இல்லாத பிளேடுக்கு ஒன்றரை மி.மீ. துளை தாராளம். மிஷின் வாங்கப் போறவங்க எத்தனை இன்ச், எத்தனை வாட்ஸ்னு கேக்கிறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க.

பின் இல்லாத பிளேடு நழுவுதுன்னா திருகை உயிர் போக முறுக்காதீங்க. புதுப் பிளேடுல எண்ணெய் இருக்கும். ரெண்டு முனையையும் உப்புத்தாளால ஒரு தேய் தேய்ச்சுட்டு மாட்டுங்க.

ஜூலை 14

மாங்கா முடியற நேரம். தோட்டத்துக்காரர் ஒருத்தர் காய்ப்பு விட்டுப்போன பழைய பெங்களூரா ரக மாமரத்தை வெட்டினார். அறுவை மில்லுல ஒரு இன்ச் கனத்துக்கு அறுத்து, நாலு பலகை எனக்கும் வந்துது. ரவிக்கைக் கூலிக்குப் பதில் பலகை!

மாமரம் எனக்குப் பிடிக்கும். மிதமான கனம், பிளேடைக் கொல்லாது, பாலிஷ் போட்டா தேன் கலர். சில பலகையில கறுப்பு வரி ஓடும், அழகா இருக்கும். விலையும் கம்மி. மாங்கா ஊர்ல இருந்துக்கிட்டுப் பைன் பலகையைத் தேடி ஓடறவங்களைப் பார்த்தா எனக்கு ஆச்சரியம்தான். எல்லாரும் மாமரத்துல ஆரம்பிங்க.

ஆகஸ்ட் 4

ரெண்டு வாபஸ்.

ஒண்ணு, நகைப் பட்டறை பிளேடு. மாட்டலாம்னு சொன்னது நிஜம். மரத்தை அறுக்கும்னு நானா நினைச்சுக்கிட்டது. தம்பி வாங்கி மாட்டிப் பார்த்துட்டு "அக்கா, புகை வருது"ன்னு போட்டோ அனுப்பினார். நானும் போட்டுப் பார்த்தேன், அதேதான். அது வெள்ளிக்கும் பித்தளைக்கும் ஆன பல்லு, ரொம்ப நெருக்கம். மரத்தூள் பல்லுக்கு நடுவுல அடைச்சுக்கும், வெளியே போக வழி இல்லாம உராய்ஞ்சு கருகும். மரத்துக்குப் பல்லு விட்டு விட்டு இருக்கணும். பித்தளைத் தகட்டுல சாவிக்கொத்து அறுக்கணும்னா மட்டும் அதைத் தொடுங்க, வேகத்தைக் குறைச்சு.

ரெண்டு, மாமரம். மூணு வாரம் பின்கட்டுல சாய்ச்சு வெச்சிருந்தேன். நேத்து நகர்த்தினா கீழே மாவு கொட்டியிருக்கு, பலகை பூரா குண்டூசித் துளை. பச்சை மாமரத்தைப் பூச்சி விடாது, வெள்ளைப் பகுதியை முதல்ல பிடிக்கும். நான் ரசிச்ச அந்தக் கறுப்பு வரி பூஞ்சை வேலைன்னு ஊர் ஆசாரி அண்ணன் சொன்னார். அறுத்த அன்னிக்கே போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல்ல ஊறப்போட்டிருக்கணுமாம். முனைக்குப் பெயின்ட் அடிச்சு, நடுவுல குச்சி வெச்சு அடுக்கி, நிழல்ல ஒரு இன்ச்சுக்கு ஒரு வருஷம். "நீ மூணு வாரத்துல மாலை கட்டப் பார்த்திருக்கே"ன்னார். பலகை அடுப்புக்குப் போச்சு. காய்ஞ்ச மாமரம் கிடைச்சா மட்டும் ஆரம்பிங்க.

ஆகஸ்ட் 18

அதிர்வு. இது எங்க பக்கத்துக்காரங்களுக்கு வாய்ச்ச வரம், வெளியூர்க்காரங்க பொறாமைப்படட்டும்.

மிஷின் நிமிஷத்துக்கு 400-லிருந்து 1600 வரைக்கும் மேலயும் கீழயும் குத்துது. சின்ன மிஷின்ல எடை இல்லை, அதனால அதுவும் சேர்ந்து ஆடும். நடு வேகத்துல ஒரு இடத்துல பைத்தியம் பிடிச்ச மாதிரி ஆடும், அதைத் தாண்டினா அடங்கும். பர்கூர் பக்கம் கிரானைட் பட்டறைகள்ல ஓரம் உடைஞ்ச துண்டுகள் குவிஞ்சு கிடக்கும். ரெண்டடிக்கு ஒன்றரையடி கறுப்புத் துண்டு ஒண்ணு சும்மாவே கொடுத்தாங்க. ஏத்தி இறக்கத்தான் ஆட்டோக்காரர் காசு வாங்கினார். நாலு துளை போட்டு மிஷினை அது மேல போல்ட் பண்ணி, கல்லுக்கு அடியில பழைய டியூப் ரப்பரை விரிச்சேன். மேடை மேல ஒரு ரூபாய்க் காசை நிறுத்தி வெச்சுப் பார்த்தேன். நின்னுது.

நின்னுதுன்னு பெருமைப்பட்டுப் போட்டோ எடுக்கிறதுக்குள்ள விழுந்துது. கல்லு சரி, அதைத் தாங்கின கட்டிங் டேபிளோட கால் ஒண்ணு ஆட்டம். கல்லு வாங்கறதுக்கு முன்னாடி டேபிள் காலைப் பாருங்க.

ஆகஸ்ட் 18, அப்புறம்

தையல்காரிங்கிறதால எல்லாமே எனக்குச் சுலபமா வந்துச்சுன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். பாதி நிஜம். பாதி, தையல்தான் என்னைக் கெடுத்துது. தையல்ல மூலை திரும்பணும்னா மிஷினை நிறுத்தி, ஊசியைத் துணிக்குள்ள விட்டு, பாதத்தைத் தூக்கித் திருப்புவோம். அதே பழக்கத்துல இங்க மிஷினை நிறுத்திட்டுப் பலகையைத் திருப்பினேன். பிளேடு முறுக்கிக்கிட்டு டப்புனு போச்சு. ஒரே நாள்ல ஆறு. இங்க ஓட ஓடத்தான் திருப்பணும். மூலைக்கு வந்ததும் பலகையை நம்ம பக்கம் லேசா இழுத்து, பிளேடோட முதுகு மரத்துல உரசற மாதிரி வெச்சு, அந்த இடத்துலயே சட்டுனு சுத்தணும். முதுகுல பல்லு கிடையாது, அங்க வெட்டாது. வெட்டாத பக்கத்தை அச்சா வெச்சுக்கிறதுதான் சூட்சுமம்.

பலகையை அழுத்திப் பிடிக்கிற பாதம் இதுலயும் உண்டு. பாதம் இல்லாம தைக்கவே முடியாத நான், இங்க அதைக் கழட்டி ஆணியில மாட்டிட்டேன். பார்வையை மறைக்குது. புதுசா வர்றவங்க கழட்ட வேண்டாம், பலகை குதிச்சா விரல் பக்கத்துலதான் இருக்கும்.

பழைய கால் மிதி தையல் ஸ்டாண்டை ஸ்க்ரோல் சாவா மாத்த முடியுமான்னு கேட்டிருந்தீங்க. முடியும். அமெரிக்காவுல ராக்ஃபோர்டுங்கிற ஊர்ல பார்ன்ஸ்னு ஒரு கம்பெனி, 1870-கள்லயே மிதிச்சு ஓட்டற ரம்ப மிஷினைச் செஞ்சு வித்திருக்கு. என் ஸ்டாண்டு மேல பீரோவுல இடமில்லாம பாத்திர மூட்டை உக்காந்திருக்கு, அதனால என் ஆராய்ச்சி அங்கயே நிக்குது.

செப்டம்பர் 22

பெயர்ப் பலகை. இதுக்குத்தான் அதிகம் கேள்வி வருது. நெட்ல இருக்கிற டிசைன் எல்லாம் இங்கிலீஷ் கூட்டெழுத்துக்கு. நம்ம எழுத்துக்கு யாரும் சொல்லித்தர மாட்டேங்கறாங்க. அடி வாங்கிக் கத்துக்கிட்டதை எழுதறேன்.

தமிழ் எழுத்து ஒட்டாது. 'கோபால்'னு அறுத்தா கொம்பு தனி, 'க' தனி, கால் தனி, 'பா'வுக்கு ஒரு கால் தனி, 'ல்' மேல புள்ளி பறந்து போய்த் தூளோட குப்பைக்குப் போகும். முதல் ஆர்டர்ல புள்ளியைத் தேடி அரைமணி நேரம் தரையைக் கூட்டினேன். கிடைச்சுது, ஆனா அது புள்ளியா மரத்தூள் உருண்டையான்னு சந்தேகமாவே இருந்துது.

ரெண்டு வழி. பலகைக்குள்ள எழுத்தைத் துளையா எடுக்கலாம். அப்போ எழுத்து விலகாது, ஆனா சுழிக்குள்ள இருக்கிற தீவு விழுந்துடும். 'ழ'வோட சுழி, 'மு'வோட வளையம் எல்லாம் காலி. அதுக்குப் பாலம் விடணும். தகரத்துல எழுத்து வெட்டிப் பெயின்ட் அடிப்பாங்களே, லாரிக்குப் பின்னாடி, அது மாதிரி. பாலத்தைச் சுழி ஆரம்பிக்கிற கழுத்துல விட்டா கண்ணுக்கு உறுத்தாது.

இல்லை, எழுத்தே நிக்கணும்னா கீழே ஒரு பட்டை விட்டு எல்லாத்தையும் அதுல நட வைக்கணும். புள்ளியைக் கொஞ்சம் பெருசாக்கி, எழுத்தோட தலையில 2 மி.மீ. கழுத்தால ஒட்ட விடணும். எட்டி நின்னு பார்த்தா புள்ளியாத்தான் தெரியும். 'ஃ' கேட்டா ஆர்டரே எடுக்கிறதில்லை.

மேல் கொக்கி ஒடியறது இன்னொரு தலைவலி. 'கி'யோட வளைவு மர ரேகைக்குக் குறுக்கே போற இடத்துல பிஸ்கட் மாதிரி உடையும். ரேகையைப் படுக்க வெச்சா கொக்கி தாங்கும், கால் ஒடியும். நிமிர்த்தி வெச்சா தலைகீழ். அதனால தனி எழுத்துக்கு மரத்தை விட்டுட்டுப் பிளைவுட்டுக்கு வந்துட்டேன். அதுல ரேகை அடுக்குக்கு அடுக்கு மாறி மாறிப் போறதால எந்தப் பக்கமும் தாங்கும். மரம்தான் வேணும்னு அடம் பிடிக்கிறவங்களுக்குப் பின்னாடி 4 மி.மீ. பிளை ஒட்டிக் கொடுக்கறேன்.

பள்ளிக்கூடத்துப் பரிசுக்கு அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுக்கிற மாதிரி ஒரு நிழல் படம் கேட்டாங்க. அதியமான் ஆண்ட தகடூர்தான் எங்க தருமபுரி, தகடூர்க்காரங்க வேற என்ன கேப்பாங்க? ராஜா கை, கிழவி கை, நடுவுல கனி. கனியைத் தனியா விட்டா விழுந்துடும். அதனால கனி ரெண்டு கையையும் தொட்டுக்கிட்டு இருக்கு. கொடுத்தாரா இன்னும் பிடிச்சுக்கிட்டு இருக்காரான்னு கேட்டு வாத்தியார் ஒருத்தர் சிரிச்சார்.

செப்டம்பர் 23

நேத்து விட்டது: காகிதத்தை நேரா மரத்துல ஒட்டாதீங்க. பெயின்டர் டேப்பை முதல்ல ஒட்டி, அது மேல பசை தடவிக் காகிதம். முடிஞ்சதும் டேப்பை உரிச்சா எல்லாம் சேர்ந்து வரும். கருகுற மரம்னா அதுக்கும் மேல பாக்கிங் டேப் ஒரு வரி. டேப்புல இருக்கிற வழுவழுப்பு பிளேடுக்கு எண்ணெய் மாதிரி, கருகல் பாதியாக் குறையும்.

அக்டோபர் 11

ஆயுத பூஜை. தையல் மிஷினுக்கும் இதுக்கும் சேர்த்துச் சந்தனம் குங்குமம் வெச்சாச்சு. இன்னிக்கு ரெண்டையும் தொடக் கூடாது. கை அரிக்குது.

பூஜைக்குத் துடைக்கும்போது பார்த்தேன், தூளை ஊதற அந்தச் சின்ன ரப்பர்க் குழாய் எப்பவோ கிழிஞ்சிருக்கு. இவ்வளவு நாளா நான் வாயால ஊதிக்கிட்டே அறுத்திருக்கேன். மீன் தொட்டிக்குக் காத்து விடற பம்பு ஒண்ணு சும்மா கிடந்துது, அதோட குழாயை மாட்டினேன். கோடு பளிச்.

நவம்பர் 10

விளையாட்டுப் பேச்சு இல்லாம ஒண்ணு. வாயால ஊதினேன்னு சிரிச்சு எழுதினேன். அப்படி ஊதின நாளெல்லாம் காலையில மூக்கைச் சிந்தினா காவிக் கலர். மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, மனுஷங்களுக்குப் புற்றுநோய் வரவைக்கும்னு உறுதியான முதல் வகுப்புல வெச்சிருக்கு. ஸ்க்ரோல் சா தூள் பட்டுப் பவுடர் மாதிரி, உக்காராது, மிதக்கும். துணியை மூக்குல கட்டறது போதாது, என்95 முகக்கவசம் போடுங்க. எம்.டி.எஃப். (மர நாரைப் பசை போட்டு அழுத்தின பலகை) அறுக்கிறதை நான் விட்டுட்டேன். பழைய கட்டில் கால்னு ஒருத்தர் ஈட்டி மரத் துண்டு கொடுத்தார், ஆசையா அறுத்தேன். ராத்திரி கண் இமை வீங்கிப்போச்சு. ஈட்டித் தூள் சிலருக்கு ஆகாது, எனக்கு ஆகாதுன்னு அன்னிக்குத் தெரிஞ்சுது.

வெளிநாட்டுல இருந்து சொந்தக்காரங்க மிஷின் கொண்டுவந்தா தகட்டுல வோல்ட் பாருங்க. அமெரிக்க மிஷின் 120, நம்ம வீடு 230. எங்க தெருவுல ஒண்ணு சுவிட்ச் போட்ட ரெண்டு நொடியில ஊதுபத்தி ஆச்சு. அதுதான் "நல்ல மிஷின்".

டிசம்பர் 15

குழந்தைங்களுக்கு ஏதாவது பண்ணலாம்னு ஜில்லா வரைபடப் புதிர் அறுத்தேன். இந்த விளையாட்டே வரைபடத்துல பிறந்ததுதான். லண்டன்ல ஜான் ஸ்பில்ஸ்பரின்னு ஒரு வரைபடக்காரர், 1760-கள்ல மஹாகனிப் பலகையில வரைபடத்தை ஒட்டி, தேசம் தேசமா எல்லைக் கோட்டுல அறுத்துப் பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்ல வித்தார்.

நம்ம கதையும் அறுப்புக் கதைதானே. சேலத்திலிருந்து தருமபுரியை 1965-ல அறுத்தாங்க. தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரியை 2004 பிப்ரவரி 9-ல அறுத்தாங்க. நான் ரெண்டையும் சேர்த்து ஒட்டி, தாலுகா தாலுகாவா ஒரே ஞாயித்துக்கிழமையில அறுத்துட்டேன். 6 மி.மீ. பிளை, 3-ம் நம்பர் பிளேடு. மூணு பலகையை அடுக்கி, ஓரத்துல டேப் சுத்தி ஒரே அறுப்பு, மூணு செட். அடுக்கி அறுக்கும்போது மேடை நேரா இல்லைன்னா கீழ்ப் பலகைக்காரன் தாலுகா வேற சைஸ்ல வரும். ஜூன்ல சொன்ன கீறல் சோதனை இங்கதான் உதவிச்சு, ஆக அது முழுசும் வீண் இல்லை.

பிடிச்சுத் தூக்கக் கோட் பொத்தானை ஒட்டினேன். கடையில அதுக்குப் பஞ்சமா? தருமபுரி பக்கம் ஏழு துண்டு, கிருஷ்ணகிரி பக்கம் ஏழு துண்டு. கணக்கு அழகா வந்துது.

2025 ஜனவரி 19

கணக்கு அழகா வந்தப்பவே சந்தேகப்பட்டிருக்கணும்.

பொங்கலுக்குத் துணி வாங்கிப் போக வந்த அம்மாவோட ஒரு பையன், மூணாவதோ நாலாவதோ படிக்கிறான். அம்மா ரவிக்கை போட்டுப் பார்க்கிற நேரத்துல புதிரைப் பரப்பிக்கிட்டு உக்காந்தான். எல்லாத்தையும் அடுக்கிட்டு, பெட்டியைக் கவுத்துப் பார்த்தான். கீழே குனிஞ்சு பார்த்தான். "எங்க ஊர் தொலைஞ்சுபோச்சா?"ன்னு கேட்டான். அஞ்செட்டி. நான் வெச்சிருந்தது பழைய வரைபடம், அதுல அஞ்செட்டி இன்னும் தேன்கனிக்கோட்டைக்குள்ளயே இருக்கு. இப்போ அது தனித் தாலுகா, கிருஷ்ணகிரி பக்கம் எட்டு.

புதுசா அறுத்துத் தர்றேன்னேன். "இதையே அறுங்க"ன்னுட்டான்.

அறுத்து முடிச்ச துண்டை மறுபடி அறுக்கிறது லேசில்லை. பிளேடு தின்னுட்டுப் போற இடைவெளி அளவுக்கு ரெண்டு துண்டும் ஒல்லியாகும், பெட்டிக்குள்ள லொடலொடன்னு ஆடும். 3-ம் நம்பரை எடுத்துட்டு, டப்பாவுல தூங்கின 2/0-வைத் தேடி எடுத்தேன். சின்னத் துண்டு, விரலால பிடிச்சா நகம் பிளேடுல உரசும். அதனால ஒரு பெரிய பிளைவுட் துண்டு மேல இருபக்க டேப்பால ஒட்டி, ரெண்டையும் சேர்த்து அறுத்தேன். பையன் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு மூணடி தள்ளி நின்னான். மூணு பிளேடு ஒடிஞ்சுது. ஒண்ணு ஒடியும்போதெல்லாம் "சாமி வந்துடுச்சா?"ன்னு உள்ளேயிருந்து வீட்டுக்காரர் குரல்.

பிரிச்சு வெச்சா ஒரு காகிதக் கனம்தான் இடைவெளி. பழைய பொத்தான் தேன்கனிக்கோட்டைக்குப் போச்சு, ஆனா இப்போ அது நடுவுல இல்லை, ஓரத்துல உக்காந்திருக்கு. அஞ்செட்டிக்குப் புதுப் பொத்தான். டப்பாவைக் கவுத்து, பத்து நிமிஷம் கிளறி, போலீஸ் சட்டைப் பித்தளைப் பொத்தான் ஒண்ணை எடுத்தான். மிச்சப் பதினாலும் பிளாஸ்டிக்.

பென்னாகரத்துத் தம்பி, அஞ்செட்டி உங்களுக்குப் பக்கத்து வீடு, உங்க துண்டோட ஒட்டித்தான் உக்காருது. அது சரி, மிஷினை வித்தீங்களா இல்லையா? ஏழு மாசமாச் சொல்லவே இல்லையே.